டீசல் புகையும் கணனியும்

டீசல் பஸ் ஓடும் தெருக்களில் நாமும் எமது பிள்ளைகளும் அதன் புகையைச் சுவாசிக்கிறோம். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012இல் அறிவித்தது.

எஞ்சினுக்குள் எரிதல் கண் இமைக்குமுன் முடிந்துவிடும். ஆதலால் அதனைக் கணனியில் நடத்திப் பார்க்கிறார்கள். அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடம் 1985இல் வெளியிட்ட 'கீவா' நிரல் இதில் முன்னோடிகளுள் ஒன்று. சிலிண்டரின் உட்புறத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், எரிபொருள், காற்று எவ்வளவு என்று அது கணிக்கும்.

சிக்கல் இதுதான்: வெப்பம் கூடினால் நைதரசன் ஒட்சைட்டு பெருகும், வெப்பத்தைக் குறைத்தால் கரித்துகள் மிஞ்சும். ஒன்றை அடக்க மற்றது தலைதூக்கும். அதனாலேயே புகைக்குழாயில் வடிகட்டியும் பூட்டுகிறார்கள்.

எம்மால் இயன்றது ஒன்றுண்டு. பிள்ளைகளை ஏற்ற நிற்கும்போது எஞ்சினை நிறுத்திவிடுவோம்.