லினக்ஸ் கணிப்பொறியின் சில்லறைக் கோளாறுகள்

எங்கள் தளவாய்புரத்தில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு தையல் எந்திரத்தின் ஓசை கேட்கும். நைட்டி எனப்படும் பெண்களின் இரவு உடை இங்கே பெருமளவில் தைக்கப்பெற்று வெளியூர்களுக்குச் செல்கின்றது. தைக்கும்போது நூல் அடிக்கடி அறுந்தால், எந்திரத்தின் முன் அமர்ந்துள்ள அம்மையார் என்ன செய்கின்றார் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் நூல் கோத்த வழியைப் பார்க்கின்றார். அது சரியாக இருந்தால் ஊசியைத் தொட்டுப் பார்க்கின்றார். அதன்பின் மேல்நூலின் இறுக்கம், அதன்பின் பாபின். ஒன்றைத் திருத்தியவுடன் ஒரு துண்டுத் துணியில் நாலு தையல் ஓட்டிப் பார்த்துக்கொள்கின்றார். நான்கையும் ஒரே நேரத்தில் அவர் மாற்றுவதில்லை. மாற்றினால், எதனால் கோளாறு நீங்கியது என்பது தெரியாமற் போகும். நாளை மீண்டும் நூல் அறுந்தால் மீண்டும் நான்கையும் மாற்ற நேரும்.

அதே வீட்டில் கல்லூரி மாணவன் ஒருவன் இருக்கின்றான். ஒருநாள் அவனுடைய கணிப்பொறியின் திரை இருண்டு, ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி தோன்றுகின்றது. அவன் அதனைப் படிப்பதில்லை. “ஃபார்மட் போட வேண்டியதுதான்” என்கின்றான். வட்டிலுள்ள யாவற்றையும் அழித்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது என்பது அதன் பொருள். நூல் அறுந்ததற்காகத் தையல் எந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் போடுவதற்கும் இதற்கும் மிகுந்த வேறுபாடு இல்லை. தாய் நாள்தோறும் கையாளும் முறையைத்தான் மகனுக்கு இன்று சொல்லப் போகின்றேன்.

லினக்ஸ் யாது என்பதைச் சுருக்கமாகக் கூறிவிடுவேன். 1983-ஆம் ஆண்டில் அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன், எவரும் படிக்கவும் படியெடுக்கவும் திருத்தவும் உரிமையுள்ள மென்பொருள் தொகுதி ஒன்றைப் படைக்கப்போவதாக அறிவித்தார். க்னூ என்பது அதன் பெயர். 1991-இல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ், இயங்குதளத்தின் உட்கருவை எழுதி வெளியிட்டார். இரண்டும் இணைந்தே இன்றைய லினக்ஸ் ஆயிற்று. நம் நாட்டில் சி-டாக் என்னும் மைய அரசு நிறுவனம், டெபியன் என்னும் லினக்ஸ் வகையை அடிப்படையாகக் கொண்டு, பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007-இல் வெளியிட்டது. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினிகளை வழங்கத் தொடங்கியபோது, விண்டோசுடன் பாசும் அவற்றில் இடம்பெற்றது. அதனைத் திறந்து பார்த்தவர் சிலரே. நான் கண்ட மாணவருட் பலர் அதை அழித்து இடத்தை மிச்சப்படுத்தினர்! விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளுடன் முடிவுற்றதனால், புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய பொறிகளுக்காகப் பலரும் இப்போது லினக்சை நாடுகின்றனர். புதியவர் வரும்போது புதிய ஐயங்களும் வருமல்லவா?

என் தவறு ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றேன். நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியொன்றின் அலுவலக அறையில் லினக்ஸ் நிறுவிய கணிப்பொறி இருந்தது. ஒரு கோடைமழை நாளில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருந்தது. மறுநாட் காலையில் பொறியை இயக்கியபோது கருந்திரையில் வெள்ளெழுத்தாக நாலைந்து வரிகள் தோன்றி நின்றுவிட்டன. ஆங்கிலம் கற்பித்தே நரைத்த தலை என்னுடையது. எனினும் அவ்வரிகளை நான் படிக்கவில்லை. பழுது பார்ப்பவர் ஒருவரை அழைத்தோம். “எல்லாம் போய்விடும், பரவாயில்லையா?” என்று அவர் கேட்டார். கேள்வியின் கனத்தை உணராமல், “செய்யுங்கள்” என்றேன். மாணவர்கள் இரண்டாண்டுக் காலம் ஊர் முதியோரிடம் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்த பழைய செய்திகள், கிணறு வெட்டிய கதை, பஞ்சகாலத்து நினைவுகள் யாவும் அன்று அழிந்தன. வேறு படி இல்லை. அம்முதியோருள் சிலர் அப்போதே காலமாகியிருந்தனர்.

அந்த வரிகள் என்ன கூறின என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். வட்டின் இன்ன பகுதியைக் கையால் கட்டளையிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று, அப்பகுதியின் பெயரோடு, கணிப்பொறி தெளிவாகவே சொல்லியிருந்தது.

இதன் காரணத்தை விளக்குகின்றேன். கடைக்காரர் அன்றாட வரவு செலவை முதலில் குறிப்பேட்டில் எழுதிப் பின்னர்ப் பேரேட்டில் ஏற்றுவார். லினக்சும் அவ்வாறே, எந்தக் கோப்பு வட்டில் எங்கே உள்ளது என்னும் கணக்கை மாற்றுவதற்கு முன் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கின்றது. இடையில் மின்சாரம் நின்றால், அடுத்த முறை அக்குறிப்பேட்டைக் கொண்டு பேரேட்டைத் தானே திருத்திக்கொள்ளும். பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே இது நிகழ்ந்துவிடும். சில வேளைகளில் குழப்பம் மிகுந்து, “நீ வந்து ஒப்புதல் கொடு” என்று நின்றுவிடும். திரையில் ‘இனிட்ராம்எஃப்எஸ்’ என்னும் சொல் அடைப்புக்குறிக்குள் தோன்றி, அதனருகே கட்டளைக்கு இடம் விட்டிருந்தால் இந்நிலையே என்று கொள்ளலாம். அப்போது எஃப், எஸ், சி, கே என்னும் நான்கு சிற்றெழுத்துகளை எழுதி, ஓர் இடைவெளி விட்டு, திரையில் காட்டப்பட்டுள்ள பகுதியின் பெயரைச் சாய்கோடுகளோடு அப்படியே எழுதி ‘என்டர்’ விசையை அழுத்துக. ஒவ்வொரு பிழையையும் காட்டித் திருத்தலாமா என்று கேட்கும்; ‘ஒய்’ என்று விடை தருக. முடிந்தபின் ‘ரீபூட்’ என்று எழுதினால் பொறி மீண்டும் தொடங்கும். ஓர் எச்சரிக்கை உண்டு. வட்டிலிருந்து டிக் டிக் என்று ஓசை வந்தாலோ, இக்கோளாறு மின்தடையின்றியே வாரந்தோறும் வந்தாலோ, வட்டே தேய்ந்து வருகின்றது என்று ஐயுற வேண்டும். அந்நிலையில் திருத்தத்தை நிறுத்திவிட்டு, முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

கணிப்பொறியே தொடங்காதபோது கோப்புகளை எவ்வாறு எடுப்பது? லினக்சின் பெரிய வசதியே இதுதான். வேறொரு கணிப்பொறியின் உதவியால் ஒரு பென் டிரைவில் லினக்சை ஏற்றி, நிறுவாமலே அதிலிருந்து இயக்கலாம். அவ்வாறு இயக்கி, உள்ளேயுள்ள வட்டைத் திறந்து, வேண்டிய கோப்புகளை மற்றொரு பென் டிரைவிற்குப் படியெடுத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியின் முதியோர் நினைவுகளையும் இவ்வழியில் காப்பாற்றியிருக்க முடியும். நிறுவு என்னும் பொத்தானை மட்டும் தொட்டுவிடாதீர்கள்.

அந்தப் பென் டிரைவ் ஒரு நல்ல சோதனைக் கருவியுமாகும். ஒலி கேட்கவில்லை என்று வையுங்கள். பென் டிரைவிலிருந்து இயக்கியபோது ஒலி கேட்டால், ஒலிபெருக்கி நன்றாகவே உள்ளது; குறை நிறுவிய மென்பொருளில் இருக்கின்றது. அதிலும் கேட்கவில்லையெனில் ஐயம் பொறியின் உறுப்பின்மேற் செல்லும். ஒரே சோதனையில் தேட வேண்டிய களம் பாதியாகிவிட்டது. மென்பொருளில்தான் குறை என்று தெரிந்தபின், இன்னொரு பயனர் கணக்கை உண்டாக்கி அதில் நுழைந்து பாருங்கள். அங்கே யாவும் ஒழுங்காக இருந்தால், பழுது உங்கள் சொந்த அமைப்புகளில் மட்டுமே உள்ளது. இப்படிப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு வந்தால், பத்துக் காரணங்களுள் ஒன்றைக் கண்டுபிடிக்க நாலு சோதனைகள் போதும். உங்கள் கணக்காசிரியரைக் கேட்டால் அதன் விளக்கத்தைத் தருவார்.

சில கோளாறுகள் கோளாறே அல்ல. பல லினக்ஸ் வகைகளில், கட்டளைத் திரையில் கடவுச்சொல்லை அழுத்தும்போது எழுத்தும் தோன்றாது, விண்மீன் குறியும் தோன்றாது. விசைப்பலகை கெட்டுவிட்டதென்று எத்தனையோ பேர் கைவிட்டிருக்கின்றனர். அருகில் நிற்பவர் எழுத்துகளின் எண்ணிக்கையைக்கூட அறியலாகாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. தயங்காமல் எழுதி முடித்து ‘என்டர்’ விசையை அழுத்துக. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் லினக்சில் வெவ்வேறு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். புதிய மென்பொருளை நிறுவ முயலும்போது, பூட்டைப் பெற இயலவில்லை என்று விடை வந்தால், வேறொரு புதுப்பிப்பு பின்புலத்தில் நடந்துகொண்டிருக்கின்றது என்று பொருள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள். பொறியை வலிந்து நிறுத்தினால் இல்லாத கோளாற்றை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

கடவுச்சொல் சரியாக இருந்தும், உள்ளே நுழைந்ததுபோற் காட்டி மீண்டும் நுழைவுத் திரைக்கே திரும்பினால் என்ன செய்வது? இதற்குரிய காரணங்களுள் ஒன்று வட்டு நிரம்பியிருத்தல். மேசைத்திரை தொடங்குவதற்குச் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும், எழுத இடமில்லை. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் எழுத்து மட்டுமே உள்ள மற்றொரு வாயில் திறக்கும். அங்கே பெயரையும் கடவுச்சொல்லையும் தந்து நுழைந்து, டி, எஃப் என்னும் இரண்டு சிற்றெழுத்துகளைக் கட்டளையாக எழுதுக. ஒவ்வொரு பகுதியும் நூற்றுக்கு எவ்வளவு நிரம்பியுள்ளது என்ற பட்டியல் வரும். நூறு என்று காட்டினால் காரணம் கிடைத்தது, வேண்டாதவற்றை நீக்குக. குப்பைத்தொட்டிக்கு அனுப்பிய திரைப்படம் அதைக் காலி செய்யும்வரை வட்டில் இடத்தை அடைத்துக்கொண்டேயிருக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

வைஃபை கிடைக்கவில்லை என்பது பெரும்பாலோர் முறையீடு. மடிக்கணினியில் அதனை அடைக்கும் விசையொன்று இருக்கும். கை தவறி அதனை அழுத்தியிருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். அது காரணமன்றாயின், வைஃபை உறுப்பை இயக்கும் சிறு மென்பொருள் இல்லாதிருக்கலாம். உரிமை வரையறையுள்ள அத்தகைய மென்பொருள்களை டெபியன் தன் நிறுவு தொகுதியில் நெடுங்காலம் சேர்க்கவில்லை. 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்துதான் சேர்த்தது. அதனை இறக்குவதற்கு இணையம் வேண்டும். இணையத்திற்கு அது வேண்டும்! இச்சிக்கலை அவிழ்க்க எளிய வழி, கைப்பேசியை யூ.எஸ்.பி. கம்பியால் இணைத்து, அதன் இணையத்தைக் கணிப்பொறிக்குத் தருவது. இதற்குப் பெரும்பாலும் தனி மென்பொருள் எதுவும் தேவைப்படுவதில்லை.

இனித் தமிழைப் பற்றி. தமிழ்க் கோப்பு சரியாகத் தெரியவில்லை என்று சொல்பவரிடம் நான் உடனே கேட்பது, “கட்டம் கட்டமாகத் தெரிகின்றதா, ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றதா?” என்பதுதான். கட்டங்களாயின், கோப்பு இன்றைய ஒருங்குறி முறையில் உள்ளது. அதைக் காட்டும் எழுத்துரு பொறியில் இல்லை. லோகித் தமிழ் போன்றதோர் எழுத்துருவை நிறுவினால் தீர்ந்தது. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாயின், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பெற்றது. தமிழ் என்ற சொல்லே அதில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் ஓர் அரைப்புள்ளி என்று காணப்படும். கணிப்பொறி அதனை ஆங்கிலமென்றே அறிகின்றது. எழுத்துரு என்னும் முகமூடி மட்டுமே அதைத் தமிழாகக் காட்டிவந்தது. இதற்கு எழுத்துரு மாற்றி கொண்டு ஒருங்குறியாக மாற்றிவிடுவதே நிலையான தீர்வு. பள்ளிகளிலும் அச்சகங்களிலும் பழைய கோப்புகள் இவ்வகையில் நிறையக் கிடக்கின்றன. பிழைபட்டனவென்று அவற்றை எறிந்துவிடாதீர்கள். தமிழில் எழுதுவதற்கோ, 1999-இல் சென்னை மாநாட்டை அடுத்து அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை லினக்சில் உண்டு. ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளில் அதனைச் சேர்த்தபின், ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும். நுழையாமலே, “வரவில்லை” என்று புலம்புவோர் பலர்.

விண்டோசும் லினக்சும் ஒரே பொறியில் இருந்தால், கடிகாரம் ஐந்தரை மணி நேரம் மாறி மாறிக் காட்டும் விந்தையைக் காணலாம். ஏன் சரியாக ஐந்தரை? நம் நாட்டு நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கக்கோட்டை ஒட்டியது. உலகப் பொது நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்டது. பொறியின் உள்ளிருக்கும் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்ளும். உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்ளும். காலை பத்து மணிக்கு லினக்ஸ் அதில் நாலரை என்று குறித்து வைக்க, அதனையே உள்ளூர் நேரமென்று விண்டோஸ் படிக்கின்றது. இரண்டில் ஒன்றை மற்றதன் வழிக்குக் கொண்டுவருமாறு அமைத்துவிட்டால் பிணக்குத் தீரும். ஐந்தரை மணியாக இல்லாமல், பல ஆண்டுகள் பின்தங்கிக் காட்டினால் கதை வேறு: உள்ளேயுள்ள நாணய வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டது. அப்போது நாள் தவறுவதனால் இணையத்தளங்கள் பாதுகாப்பற்றவை என்று உலாவி மறுத்துரைக்கும். இணையத்தின்மேற் குறை சொல்லிப் பயனில்லை.

எவரோ எழுதிய கட்டளையைப் பொருள் அறியாமற் படியெடுத்து இயக்குவதை அறவே தவிருங்கள். ‘சுடோ’ என்னும் சொல்லோடு தொடங்கும் கட்டளை, வீட்டின் எல்லா அறைகளின் திறவுகோலையும் ஒருங்கே ஒப்படைப்பது போன்றது. அதிலும் ஆர், எம் என்னும் இரண்டெழுத்தைக் கண்டால் நின்று படியுங்கள். அழிப்பதற்குரிய கட்டளை அது. அழித்தவை குப்பைத்தொட்டிக்குக்கூடச் செல்வதில்லை.

உங்கள் முயற்சி பயன்படாதபோது பிறரைக் கேட்பதில் தாழ்வில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு நெடுநாளாகச் செயற்பட்டு வருகின்றது. 2012-இல் தோன்றிய கணியம் என்னும் மின்னிதழ் இப்பொருள்களைத் தமிழிலேயே விளக்கியுள்ளது. கேட்கும்போது, “என் கணிப்பொறி ஓடவில்லை” என்று மட்டும் எழுதினால் எவராலும் விடை கூற இயலாது. எந்த லினக்ஸ், எத்தனையாவது பதிப்பு, கோளாறு தோன்றுவதற்குச் சற்று முன் நீங்கள் மாற்றியது யாது, இதுவரை செய்து பார்த்தவை யாவை என்பவற்றை ஒரு குறிப்பேட்டிலிருந்து வரிசையாக எழுதுங்கள். எழுதும் மொழி தமிழாகவே இருக்கலாம். திரையில் தோன்றிய வரியை மட்டும், ஒரு புள்ளியும் விடாமல், தோன்றியவாறே எழுதுங்கள்.