யானை செத்துடும், தெரிஞ்சே பாரு

டூரிங் டாக்கீஸில் எங்களுக்கு ஒரே ஒரு புரொஜெக்டர். ஒரு ஸ்பூல் ஓடி முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்ததை மாட்ட வேண்டும், கார்பன் குச்சியைப் பார்க்க வேண்டும். அதனால் டவுன் தியேட்டரில் ஒரு இடைவேளை என்றால் எங்களிடம் மூன்று. முறுக்கு விற்கிறவனுக்குக் கொண்டாட்டம், ஆபரேட்டரான எனக்கு ஓட்டம். ஆனாலும் கேபின் துவாரம் வழியாக ஜனங்களின் முகத்தைப் பார்க்கக் கிடைத்தது அந்த நேரத்தில்தான். விலங்குப் படம் ஓடினால், மணலை மேடாகக் குவித்து உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் கன்னமெல்லாம் ஈரமாக இருக்கும். பக்கத்தில் அம்மாக்களும் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துச் சிரிப்பும் வந்துவிடும்.

அந்தக் காலத்தில் விலங்குப் படம் என்றாலே சாண்டோ சின்னப்பா தேவர்தான். அவர் படத்தில் முருகன் பெயரும் வேண்டும், யானையோ ஆடோ பாம்போ ஒன்றும் வேண்டும். யானையை வைத்து அவர் எடுத்த ‘தெய்வச் செயல்’ போணியாகவில்லை. மனுஷன் விடவில்லை. அதே கதையை மாற்றி, ராஜேஷ் கன்னாவை வைத்து 1971-ல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ என்று இந்தியில் எடுத்தார். வடக்கே ஓட்டமான ஓட்டம். மறு வருஷமே எம்.ஜி.ஆரை வைத்துத் தமிழில் ‘நல்ல நேரம்’. எஜமானுக்காக உயிரை விடும் அந்த ராமு யானை அழவைக்காத வீடு கிடையாது.

எங்கள் ஊருக்குப் படப்பெட்டி வருவதற்கு முன்பே கதை வந்துவிடும். “கடைசியில யானை செத்துடும்டா” என்று தெரிந்துதான் பிள்ளைகள் வருவார்கள். தெரிந்தும் அழுவார்கள். காசு கிடைத்தால் மறுநாளும் வருவார்கள்.

இப்போது என் மகள் கேட்கிறாள், ஏழு வயதுப் பேத்திக்கு ‘777 சார்லி’ காட்டலாமா என்று. 2022-ல் கன்னடத்தில் வந்து தமிழிலும் பேசிய படம். யாரோடும் ஒட்டாத ஒருவன், அவனைத் தேடி வரும் ஒரு லேப்ரடார். நாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும், அதற்குப் பனியைக் காட்ட வடக்கே கிளம்புகிறான். நாய் பிழைக்காது. “குழந்தை தாங்குமாப்பா?”

தாங்கும் என்றேன். சின்னப் பிள்ளைகளின் படங்களில் சாவு ஒன்றும் புதிதில்லை. ‘ஸ்நோ வொயிட்’ தொடங்கி 45 கார்ட்டூன் படங்களை அலசிய ஓர் ஆய்வு 2014-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. மூன்றில் இரண்டு படத்தில் முக்கியமான யாரோ ஒருவர் திரையிலேயே சாகிறார். பெரியவர்களுக்கான படங்களில் பாதியில்தான் அப்படி!

ஆனால் வயது பார்க்க வேண்டும். செத்தவர் திரும்பி வரமாட்டார், எல்லா உயிருக்கும் இது உண்டு என்பது பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள்தான் பிடிபடுகிறது என்கிறார்கள் உளவியல் படித்தவர்கள். அதற்கு முன் நாயின் சாவைக் காட்டினால் “எப்போ எந்திரிக்கும்?” என்றுதான் குழந்தை கேட்கும். இன்னொன்று, துக்கம் வேறு, பயம் வேறு. ‘லயன் கிங்’கில் மிருகக் கூட்டம் பள்ளத்தாக்கில் பாய்ந்து வருகிறதே, தியேட்டர் சத்தத்தில் அது சின்னதுகளை உலுக்கிவிடும். அடுத்து, செத்த அப்பனின் காலுக்கடியில் சிங்கக்குட்டி நுழைந்து படுத்துக்கொள்ளும். அது துக்கம். அழ நேரமும் கொடுக்கிறார்கள். 1942-ல் வந்த ‘பாம்பி’யில் மான்குட்டியின் தாயை வேடன் சுடும் சத்தம் மட்டும் கேட்கும். குட்டி பனியில் தேடும், அப்பா மான் வந்து இரண்டு வார்த்தை சொல்லும், உடனே வசந்தகாலம், பறவைகளின் பாட்டு. நல்ல படம்தான், ஆனால் பிள்ளை கண்ணைத் துடைக்கக்கூட அவகாசம் இல்லை. எனக்கு அது பிடிக்காது.

மகளிடம் இரண்டு விஷயம் சொன்னேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடு. சஸ்பென்ஸ் பெரியவர்களுக்குத்தான் வேண்டும். பிள்ளைகள் முடிவு தெரிந்த கதையைத்தான் தினம் ராத்திரி திரும்பக் கேட்கிறார்கள். அடுத்தது, போனைக் கையில் கொடுத்து, காதில் ஹெட்செட்டை மாட்டித் தனியாகப் பார்க்க விடாதே. டிவியில் போடு, ரிமோட்டை நீ வைத்துக்கொள், நடுநடுவே நிறுத்து. எங்கள் டாக்கீஸில் புரொஜெக்டர் பஞ்சத்தால் நடந்தது, உன் வீட்டில் வேண்டுமென்றே நடக்கட்டும்.

நிறுத்தினார்கள். நாய்க்கு வியாதி என்று தெரியும் இடத்தில் பேத்தி கேட்டாள்: “முன்னாடியே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிருந்தா?” பிழைத்திருக்கலாம், இல்லாமலும் போயிருக்கலாம் என்று மகள் சொன்னாள். “அது தூங்குதும்மா” என்று மழுப்பவில்லை. அந்த மழுப்பலைக் கேட்டுவிட்டுத் தூங்கவே பயப்படும் பிள்ளைகள் உண்டு. பேத்தி அழுதாள், சாப்பிட்டாள், தெருநாய்க்கு ஒரு தோசையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்து ‘கும்கி’ வேண்டுமாம். இப்போது வேண்டாம் என்று நானே தடுத்துவிட்டேன். மாணிக்கம் யானை சாவதற்காக இல்லை, காட்டு யானை கொம்பன் ஆட்களைக் கொல்லும் காட்சிகளுக்காக. பதிலுக்கு ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ போடலாம் என்றிருக்கிறேன். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய, முதுமலை தெப்பக்காட்டு முகாமில் எடுத்த படம். அதில் ரகு என்ற குட்டியை வளர்த்த பொம்மனும் பெள்ளியும் அதை வேறு பாகர்களிடம் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். குட்டி சாவதில்லை, பிரிவுதான். அதற்கே என் மகள் இப்போதே கண்ணைக் கசக்குகிறாள்.