பிஞ்சில் பழுத்தால் போதுமா? லேபில் முதிரும் பசுவின் கருமுட்டை

போன எபிசோடில் சினை ஊசி பத்திப் பேசினோம். அதில் ஒரு காளையின் விந்து ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் போகுது. ஆனா நல்லாப் பால் கறக்கிற ஒரு பசு? 21 நாளுக்கு ஒரு தடவை, பொதுவா ஒரே ஒரு கருமுட்டையைத்தான் முழுசா முதிர வைக்கும். சினை பிடிச்சா ஒன்பது மாசத்துக்கு மேல காத்திருக்கணும்.

இதைத் தாண்டத்தான் லேப். குஜராத்திலிருந்து பிரேசில் போன கிர் மாட்டை அங்கே இப்படியும் நிறையப் பெருக்குறாங்க. அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கிட்டே, சினைப்பையில் இருக்கிற குட்டி நீர்ப்பைகளில் ஊசி விட்டு முட்டைகளை உறிஞ்சி எடுப்பாங்க. அந்தப் பைகளுக்குப் பேர் ஃபாலிக்கிள். பெரும்பாலும் 2 முதல் 8 மில்லிமீட்டர்தான். உள்ளே இருக்கிற முட்டை இன்னும் பிஞ்சு.

அதை ஹார்மோன் கலந்த ஊட்டத் திரவத்தில் போட்டு, 38.5 டிகிரி சூட்டில், சுமார் 22–24 மணி நேரம் வைக்கிறாங்க. சுத்தியிருக்கிற செல்கள் பஞ்சு மாதிரி விரியும். முட்டை தன்னோட 60 குரோமோசோம்ல பாதியை வெளியே தள்ளிடும். அப்புறம் விந்து சேர்ப்பாங்க.

இங்கதான் ஒரு புதிர். பெரும்பாலான முட்டைகள் இந்தக் கட்டத்தைத் தாண்டிடும். ஆனா ஏழு நாள் கழிச்சுப் பார்த்தா, நூறுக்கு 30–40 முட்டைதான் கருவா வளர்ந்து நிற்கும். மத்ததெல்லாம் எங்கே போச்சு?

முதிர்ச்சி ஒண்ணு இல்லை, ரெண்டு. குரோமோசோம் பிரியறது ஒண்ணு. முட்டைக்குள்ளே ஆர்.என்.ஏ., புரதம் எல்லாம் சேர்றது இன்னொண்ணு. மாட்டுக் கரு 8 முதல் 16 செல் ஆன பிறகுதான் அதோட சொந்த ஜீன்கள் முழுசா வேலை செய்யத் தொடங்கும். அதுவரைக்கும் அம்மா கட்டிக் கொடுத்த கட்டுச்சோறுதான்.

ஃபாலிக்கிளுக்குள்ளே இருக்கிறவரை, 'பொறு'ன்னு ஒரு சிக்னல் முட்டையைப் பிடிச்சு வைக்குது. வெளியே எடுத்ததும் அந்தப் பிடி விட்டுடும். முட்டை தானாவே முதிர ஆரம்பிச்சிடும். பசு உட்படப் பல விலங்குகளின் முட்டையில் ராபர்ட் எட்வர்ட்ஸ் இதை 1965-லேயே எழுதிட்டார். பின்னாடி மனித ஐ.வி.எஃப்.க்காக 2010-ல நோபல் வாங்கினவர் அவர்தான். சிக்கல் என்னன்னா, கட்டுச்சோறு தயாராகும் முன்னாடியே வண்டி கிளம்பிடுது.

அதனால வண்டியைத் தாமதப்படுத்தப் பார்க்குறாங்க. எடுத்த முட்டையை மருந்து கொடுத்துச் சில மணி நேரம் பிடிச்சு வைக்கிறது ஒரு வழி. எடுக்குறதுக்கு முன்னாடியே பசுவுக்கு ஹார்மோன் ஊசி போட்டு, ஃபாலிக்கிளைக் கொஞ்சம் வளரவிடுறது இன்னொரு வழி.

இது மாட்டுக்கு மட்டுமான கதை இல்லை. பி.சி.ஓ.எஸ். இருக்கிற சில பெண்களுக்கு ஐ.வி.எஃப். ஹார்மோன் ஊசிகளே ஆபத்தாகலாம். அவங்களுக்குப் பிஞ்சு முட்டையை எடுத்து வெளியே முதிர வைக்கிற சிகிச்சை இருக்கு. அங்கேயும் இதே கேள்விதான்: முட்டை பழுத்திடுச்சு சரி, கட்டுச்சோறு கட்டியாச்சா?