சர்க்யூட் போர்டுக்கு ஒரு ரெயின்கோட்!

பேரிகையில் என் சித்தப்பா பாலிஹவுஸ் போட்டு ரோஜா வளர்க்கிறார். ஓசூர், பாகலூர் பக்கம் போனவர்களுக்கு இந்த வெள்ளைக் கூடாரங்கள் புதிதல்ல. உள்ளே பனிபோல் தண்ணீர் தூவும் ஃபாக்கரை நேரத்துக்கு இயக்க ஒரு டைமர் போர்டு வாங்கியிருந்தார். எட்டே மாதத்தில் அது செத்துப்போனது. ஒரு நாள் மதியம் ஃபாக்கர் ஓடாததால் ஒரு பாத்தி மொட்டு வாடிவிட்டது.

"கோட்டிங் போட்டது, ஈரத்துக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லித்தான்டா வித்தாங்க. நீதான் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்றவனாச்சே, பாரு" என்று கையில் கொடுத்தார்.

இந்தப் பூச்சுக்கு கன்ஃபார்மல் கோட்டிங் என்று பெயர். போர்டின் மேடு பள்ளங்களோடு ஒட்டிப் படியும் மெல்லிய படலம். அக்ரிலிக் என்றால் 30 முதல் 130 மைக்ரான், அதாவது ஏறக்குறைய தலைமுடியின் பருமன். பாலியூரிதேன், எபாக்ஸி, சிலிக்கோன் வகைகளும் உண்டு. வெற்றிடத்தில் ஆவியாகப் படியவைக்கும் பாரிலீன் நம் வீட்டில் முடியாது. எந்தப் பூச்சும் முழு வாட்டர்ப்ரூஃப் அல்ல. தூசியையும் ஈரத்தையும் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

சித்தப்பாவின் போர்டில் இருந்தது ரப்பர் மாதிரியான சிலிக்கோன். சூடும் அதிர்வும் தாங்கும் நல்ல சரக்கு. தண்ணீர் புகுந்த அடையாளமே இல்லை. மல்ட்டிமீட்டரை வைத்ததும் குட்டி சிப் ரெசிஸ்டர் ஒன்று 'ஓப்பன்' என்று காட்டியது. லென்ஸில் பார்த்தால் அதன் ஓரத்தில் கறுப்பாக மெல்லிய இழைகள்.

குற்றவாளி தண்ணீர் அல்ல, கந்தகம்! ரோஜாவில் சாம்பல் நோய் வராமலிருக்கக் கந்தகம் போடுவார்கள். சிப் ரெசிஸ்டரின் முனைக்குள் வெள்ளி இருக்கிறது. கந்தகம் பட்டால் அது வெள்ளி சல்ஃபைடாக மாறி இணைப்பு அறுந்துபோகும். வெள்ளிக் கொலுசு கறுப்பதும் இதே சங்கதிதான். சிலிக்கோனோ கந்தக வாயுவைத் தாராளமாக உள்ளே விடும்! இந்த இடத்துக்கு அக்ரிலிக்கோ பாலியூரிதேனோ பரவாயில்லை.

பழைய போர்டில் ரெசிஸ்டரை மாற்றலாம். ஆனால் மிச்சமிருக்கும் சிலிக்கோன் மேல் அக்ரிலிக் ஒட்டாது. ஆகவே பூச்சில்லாத புது போர்டு வாங்கி, அக்ரிலிக் ஸ்ப்ரே அடித்தேன்.

நீங்களும் முயல்வதானால் முதலில் மின் இணைப்பைத் துண்டியுங்கள். பெரிய கெப்பாசிட்டர்களில் சார்ஜ் தங்கியிருக்கும், ஜாக்கிரதை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பிரஷ்ஷும் கொண்டு சாலிடர் ஃப்ளக்ஸைச் சுத்தமாகத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். இதைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டால், அழுக்கையும் உப்பையும் உள்ளே வைத்துப் பூட்டியது போலாகிவிடும், பூச்சே கொப்பளிக்கும். கனெக்டர், சுவிட்ச், மூடாத ரிலே, ஹீட்சிங்க் தொடும் இடம் ஆகியவற்றை டேப் ஒட்டி மறையுங்கள். ஜன்னல்களைத் திறந்துவைத்து, கனமாக ஒரே தடவையாக அல்லாமல் மெல்லியதாக இரண்டு தடவை அடியுங்கள். பல பூச்சுகள் கள்ளநோட்டு பார்க்கும் விளக்கில் நீலமாக ஒளிரும். விட்டுப்போன இடம் உடனே தெரிந்துவிடும். நெயில் பாலிஷ் வேண்டவே வேண்டாம். காய்ந்ததும் விரிசல் விடும், எளிதில் தீப்பிடிக்கும். வாரண்டி உள்ள போர்டில் கை வைக்காதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகு, போர்டை பாலிஹவுஸுக்கு வெளியே மோட்டார் ரூமுக்கே மாற்றிவிட்டேன். கூடுதல் செலவு, இருபது மீட்டர் ஒயர்.