விண்ணப்பக் கட்டுரையில் உடற்குறை

உயர்கல்விக்கும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கும் மாணாக்கர் தம்மைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டி வருவதுண்டு. உடற்குறையுடைய பிள்ளை அதனைக் கூறலாமா, மறைக்கலாமா? ஜெஞ்சாரோம் போன்ற தோட்டப்புறங்களில் பெற்றோர்க்கு எழும் ஐயம் இது.

கூறுவதும் கூறாது விடுவதும் மாணாக்கரின் உரிமை. கூறின், இரக்கம் வேண்டிக் கூறலாகாது. தடை யாது, அதனை எவ்வாறு எதிர்கொண்டார், அதனால் கற்றது யாது என்னும் மூன்றும் விளங்க வேண்டும்.

கண்ணும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் 1899இல் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினார். அல்ஜீப்ரா வினாத்தாள் அவருக்குப் பழக்கமில்லாத அமெரிக்கப் பிரெய்ல் குறிகளில் இருந்தது. 1903இல் வெளிவந்த தன்வரலாற்றில், எக்குறிகள் தம்மைக் குழப்பின என்பதையே அவர் எடுத்துரைக்கிறார். அத்தெளிவே படிப்போர் மதிப்பைப் பெறுகிறது. ‘நான் பார்வை குன்றியவள், உதவுங்கள்’ என்பதினும், ‘கரும்பலகை தெரியாமையால் தோழி வாசிக்கக் கேட்டு வடிவகணிதம் கற்றேன்’ என்பது வலிமையுடையது.

தேவைகளைக் கேட்கும் இடம் வேறு. மலேசியாவின் 2008ஆம் ஆண்டு உடற்குறையுடையோர் சட்டம், குறை காரணமாக எவரையும் பொதுக்கல்வியினின்று விலக்கலாகாது என்கிறது. தக்க வசதியும் தரச் சொல்கிறது. ஆதலின் கூடுதல் நேரம், பெரிய எழுத்து வினாத்தாள் முதலியவற்றை மருத்துவச் சான்றுடன் தனியே கேட்டல் நன்று. அவை சலுகையல்ல, உரிமை.

கட்டுரையைத் திருத்தும் ஆசிரியர் பிழை களையலாம், கண்ணீரைச் சேர்த்தலாகாது. சேர்ப்பின், அது மாணாக்கரின் குரலாய் இராது.