கோயிற்கல்லும் கோட்டைச்சுவரும்

லிங்கநகரை உள்ளிட்ட திருகோணமலைத் துறைமுகப் பகுதியின் கட்டடக் கற்களை ஆராயப் புகுவோர் பிரட்றிக் கோட்டை வாயிலில் தொடங்குதல் தகும். கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர், அதன் கற்களைக் கொண்டே 1624ஆம் ஆண்டளவில் இக்கோட்டையை எழுப்பினர். சமயப் பகைமையை மட்டும் இதற்குக் காரணமாகக் கொள்வோமாயின் கல்லின் இயல்பை மறந்தவராவோம். திராவிடக் கட்டட மரபிலே செதுக்கிய கருங்கல் பெரும்பாலும் சாந்தின்றித் தன் பாரத்தாலேயே நிற்கும். ஆதலின் பெயர்த்தெடுத்து மீண்டும் அடுக்கலாம். மனிதன் வார்த்த கல்லாகிய கொங்கிறீற்றை இடித்தால் எஞ்சுவது சல்லியே. குளக்கோட்டனைக் குறிப்பதாகக் கொள்ளப்படும் சாசனத்துண்டும் இணைக்கயலும் அவ்வாயிலில் இன்றும் உள்ளன. வாயிலை அமைத்தோர் எழுத்தைப் பொருட்படுத்தினாரல்லர். உறுதியான நிலைக்கல்லையே வேண்டினர். அந்த அலட்சியமே நமக்குச் சாசனத்தைக் காத்துத் தந்தது. கோட்டைக்கு உதவாத தூண்களோ சுவாமிமலைக்குக் கீழே கடலடியிற் கிடந்து, 1956இல் மைக் வில்சன், ஆர்தர் சி. கிளார்க் ஆகியோரின் சுழியோட்டத்தின்போதே வெளிப்பட்டன.