விசா அதிகாரியின் முன்னால்

மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்ல விரும்பும் மாணவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டிய விஷயம், கட்டணமும் அல்ல, காகிதங்களும் அல்ல. 1952-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட அந்நாட்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) என்னும் பிரிவே ஆகும். விசா கோரி வருகிறவர், சில வகையினர் நீங்கலாக, அங்கேயே நிரந்தரமாகக் குடியேறும் உத்தேசம் உடையவர் என்றே கொள்ளப்பட வேண்டும் என்பதும், அவ்வாறல்ல என்று தூதரக அதிகாரிக்குத் திருப்தி உண்டாகும்படி நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சார்ந்தது என்பதும் அப்பிரிவின் சாரம். நேர்முகத்தில் எழும் கேள்விகளில் பெரும்பாலானவை இந்த அனுமானத்திலிருந்தே பிறக்கின்றன.

மாணவரைக் குறித்த தனிக் கண்காணிப்புக்குச் சரித்திரக் காரணமும் உண்டு. 1993-இல் நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் குண்டு வைத்த சதியில் ஈடுபட்டவருள் ஒருவர், மாணவர் விசாவில் வந்து படிப்பைக் கைவிட்டு அங்கேயே தங்கிவிட்டவர் என்பது வெளியானபின், அயல்நாட்டு மாணவரைப் பதிவு செய்து தொடரும் ஏற்பாட்டுக்கு 1996-இல் சட்டம் பிறந்தது. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலால் துரிதமடைந்து, 2003-இல் செவிஸ் என்னும் கணினிப் பதிவேடாக அது நடைமுறைக்கு வந்தது. இதற்கென 350 டாலரும், விசா விண்ணப்பத்துக்கென 185 டாலரும் தனித்தனியே கட்ட வேண்டும். விசா மறுக்கப்பட்டாலும் இவை திரும்பி வருவதில்லை.

பல்கலைக்கழகம் இடம் கொடுத்து, முதலாண்டுச் செலவுக்குப் பணம் உண்டென்பதற்கு ஆதாரம் பெற்று, ஐ-20 என்னும் பத்திரத்தை அனுப்பிய பிறகே மற்றவையெல்லாம் தொடங்கும். வங்கி வழங்கிய கல்விக்கடன் அனுமதிக் கடிதம், பெற்றோரின் சேமிப்பு, வருமானவரிக் கணக்கு ஆகியவை ஒன்றோடொன்று பொருந்தி நிற்குமானால் தொகை பெரிதாக இல்லாவிடினும் கவலையில்லை. ஆனால் யாரிடமோ கைமாற்றாக வாங்கிய பணத்தைச் சில நாட்களுக்குக் கணக்கில் போட்டுக் காட்டும்படி சொல்லுகிற ஆலோசகரை எந்தக் குடும்பமும் நம்பலாகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஏனெனில், இவ்விஷயத்தில் இருவகைத் தோல்விகளுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. 214(பி)-யின் கீழ் மறுப்பு வந்தால், அதன்மீது மேல்முறையீடு இல்லையே தவிர, மீண்டும் கட்டணம் செலுத்தி, மாறிய நிலைமையோடு மறுபடி விண்ணப்பிக்க எத்தடையும் இல்லை. பொய்ச் சான்றிதழையோ, வேண்டுமென்றே கூறிய பொய்யையோ கொண்டு விசா பெற முயன்றதாக அதிகாரி முடிவு செய்துவிட்டால், அந்த இளைஞருக்கு அமெரிக்காவின் வாயில் ஆயுள் முழுதும் அடைபட்டுப் போகலாம். டிஎஸ்-160 என்னும் விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பித் தருவது கன்சல்டன்சி ஆனாலும், கையொப்பம் மாணவருடையது. அதிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பாளியும் அவரே. முன்பு விசா மறுக்கப்பட்டதுண்டா என்ற கேள்விக்கு வேறொருவர் அலட்சியமாக 'இல்லை' என்று குறித்துவிட்டால், அதன் பலனை அனுபவிக்கப் போகிறவர் அந்த மாணவரல்லவா?

சென்னையில் கைரேகையும் புகைப்படமும் ஓரிடத்திலும், நேர்முகம் ஜெமினி மேம்பாலத்தை அடுத்த துணைத் தூதரகத்திலும் நடைபெறுகின்றன. இரண்டு மூன்று நிமிஷங்களிலேயே முடிந்துவிடக்கூடிய அந்த உரையாடலில், ஏன் இந்தப் பாடம், ஏன் இந்தப் பல்கலைக்கழகம், செலவு யாருடையது, படித்தபின் எண்ணம் என்ன என்பவையே பெரும்பாலும் கேட்கப்படும். மனப்பாடம் செய்த விடைகளை ஒப்பிப்பதைக் காட்டிலும், தாம் சேரவிருக்கும் துறையின் பாடத்திட்டத்தை உண்மையாகவே ஒருமுறை வாசித்திருப்பது எவ்வளவோ மேல். இடையிடையே தடுமாறினாலும், அறிந்து பேசுகிறவரின் பேச்சில் ஒரு தெளிவு இருக்கும்.

விசா கிடைத்தபின்னும் நினைவில் கொள்ள வேண்டியது, அது விமான நிலையம் வரை சென்று அனுமதி கேட்கும் உரிமை மாத்திரமே என்பது. வகுப்பு தொடங்குவதற்கு முப்பது நாட்களுக்கு முன்னதாக மாணவருக்கு உள்ளே வர அனுமதியில்லை. அங்கேயும் ஓர் அதிகாரி பத்திரங்களைப் பார்ப்பார். ஆதலால் ஐ-20-ஐயும் பணச் சான்றுகளையும் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாமல் கைப்பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.